பன்னிரண்டு மெய்க்காவலரும் ஒரு புட்டி வெள்ளை பாலிஷும்

என் ஆரோக்கியமே,

இப்படி ஆரம்பித்தால் ஏதோ டானிக் விளம்பரம் மாதிரி இருக்கிறது. ‘மதிப்பிற்குரிய ஆரோக்கியராஜ் அவர்களுக்கு’ என்று ஆரம்பித்தால் நீ எழுந்து வந்து என்னை உதைப்பாய். உதைக்க வருவாய் என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால், மச்சான், பக்கம் முழுக்க ‘மதிப்பிற்குரிய’ என்று எழுதி நிரப்பத் தயார்.

நான் நலம் என்றால் அது பாதிப் பொய். நீ நலமா என்று கேட்டால் அது முழுப் பைத்தியம். இரண்டையும் விட்டுவிட்டுச் செய்திகளுக்குப் போகலாம். இங்கே நல்ல மழை. ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் முழங்கால் தண்ணீர் நின்று, இப்போதுதான் வடிந்தது. உன் சைக்கிளை உன் தங்கை ஜெசி ஓட்டுகிறாள். பெல் அடிப்பதில்லை, வாயாலேயே கத்துகிறாள். கெமிஸ்ட்ரி லேபில் உன் இடத்துக்கு வேறு ஆளைப் போடவில்லை. இரண்டு பேர் சேர்ந்து செய்த தப்பையெல்லாம் நான் ஒருவனே செய்கிறேன். உங்கள் வாசலில் அங்கிள் ஏணி போட்டுக் காகித நட்சத்திரத்தைக் கட்டிவிட்டார். ஆனால் போன வாரம் வரை உள்ளே கிறிஸ்துமஸ் குடில் கட்டவில்லை.

குடில் ஏன் தாமதமானது என்று உனக்குச் சொல்ல வேண்டும். நான்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் செய்தவன் நான்.

இது நம் தெருக் கையெழுத்துப் பத்திரிகையில், நீ படம் போடுகிற கடைசிப் பக்கங்களில் வருகிறது. நீ போனதிலிருந்து அவை காலியாகத்தான் வந்துகொண்டிருந்தன. ஆகவே தெரு முழுக்கப் படிக்கும். படிக்கட்டும். அவர்களுக்காகச் சில விஷயங்களை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், கொட்டாவி விடாதே.

நாம் எட்டாவது படிக்கும்போது கப்பலில் வேலை பார்க்கிற உன் சித்தப்பா ஒரு தகர பிஸ்கட் டப்பாவோடு வந்தார். பிஸ்கட் என்று நினைத்து முதலில் கையை விட்டவன் நான். கையில் வந்தது ஒரு தவளை. ஈயத் தவளை. தலையில் ஹெல்மெட், இடுப்பில் வாள், கையில் ஒளிக்கதிர்த் துப்பாக்கி. உள்ளே இன்னும் முப்பது பேர், எல்லாரும் சுண்டுவிரல் உயரம். விண்வெளி உடை போட்ட மந்திரவாதி, கவசம் மாட்டிய எலும்புக்கூடு, கை உடம்போடு ஒட்டிப்போன ரோபோ, சேணம் கட்டிய இரண்டுகால் பல்லி. இங்கிலாந்தில் ஏதோ துறைமுக ஊரில் பழைய சாமான் சந்தையில் வாங்கினாராம். நாம் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் வார்த்த பொம்மைகள் என்றார்.

“துப்பாக்கி வெச்சிருக்கிறவனுக்கு வாள் எதுக்குடா?” என்று நான் கேட்டேன்.

“கரண்ட் போச்சுன்னா?” என்றாய் நீ.

அந்த ஒரு பதிலில் எனக்கு அந்த உலகமே விளங்கிவிட்டது. அது தாம்பரத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிற உலகம்.

பொம்மைகளின் மேல் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பையன் சிவப்பு பெயின்டைக் குழம்பு மாதிரி ஊற்றியிருந்தான். கண், மூக்கு, கவசம் எல்லாம் ஒரே சிவப்பு. நீ ஊறுகாய் பாட்டிலில் பெயின்டைக் கரைக்கிற தின்னரை ஊற்றி எல்லாரையும் முக்கி எடுத்தாய். நான் என் அப்பாவின் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். (பழையது என்று அப்பாவுக்குத் தெரியாது.) தவளையைத் தேய்த்து முடிக்கப் போகும்போது என் கையைப் பிடித்தாய்.

“முழுசா எடுக்காதடா.”

“ஏன்?”

“பாவம்டா. அவன் எவ்ளோ நேரம் உக்காந்து அடிச்சானோ. கொஞ்சம் விட்டுவெப்போம்.”

“எங்க விடறது? மூக்குலயா?”

தவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: “அக்குள்ல. யாரும் பாக்க மாட்டாங்க.”

நான் தரையில் புரண்டு சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. ஒவ்வொருவன் கையிடுக்கிலும் கடுகளவு சிவப்பை விட்டுவிட்டுத்தான் மற்றதையெல்லாம் உரித்தாய். அதன் பிறகு எத்தனை தடவை பிடிக்கவில்லை என்று உரித்துத் திரும்ப அடித்திருப்பாய்? அந்தக் கடுகுக்கு மட்டும் ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டாய்.

நமக்குள் வேலைப் பங்கீடு கடவுளே செய்தது. உனக்கு வால்வு கோளாறு, எனக்கு வால் கோளாறு. சின்ன வயதுக் காய்ச்சலில் உன் இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போய், பி.டி. பீரியடில் எல்லாரும் ஓடும்போது நீ வேப்பமரத்தடியில் உட்கார்ந்தே இருந்தாய். உட்கார்ந்து உட்கார்ந்து உன் கை நடுங்காத கையாகிவிட்டது. என் கை எதையாவது பிரிக்காமல் இருக்காது. ஆகவே வெட்டுவது, வளைப்பது, ஒட்டுவது நான். வர்ணம் அடிப்பது நீ.

என்னவெல்லாம் செய்தோம்! குழாய் ஒழுகலை அடைக்கிற பசை மாவை உருட்டித் தவளைக்குத் தலைப்பாகை கட்டினேன். தீர்ந்துபோன பற்பசை டியூபைக் கிழித்து எல்லாருக்கும் மேலங்கி. ரீபிள் முனையில் புதுத் துப்பாக்கிகள். எலும்புக்கூட்டின் வாளை வெட்டிவிட்டு ஊதுபத்திக் குச்சியில் ஈட்டி. பல்லியின் முதுகில் திமில் வைத்து அதை ஒட்டகமாக்கியது என் வாழ்நாள் சாதனை. நிற்க வைப்பதற்குக் கேரம் காய்கள். எங்கள் வீட்டு போர்டில் ஒன்பது கறுப்பும் மூன்று வெள்ளையும் மாயமான மர்மத்தை அப்பா இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார். அப்பா, வணக்கம்.

இவர்கள் யாருடைய படை என்று கண்டுபிடித்தவனும் நீதான். (எங்கள் வீட்டில் “படை ரெடியாயிடுச்சு” என்று நான் கத்தினால் அம்மா சொறிக்குக் களிம்பு தேடுவாள்.) உங்கள் வீட்டுக் குடிலில் மூன்று ராஜாக்களை வைத்துக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டாய்.

“இவங்க தங்கம் எடுத்துக்கிட்டு அவ்ளோ தூரம் தனியாவா வந்தாங்க? ஜிஎஸ்டி ரோட்லயே தனியா வர முடியல.”

“சரி, செக்யூரிட்டி போட்டிருப்பாங்க.”

“நட்சத்திரத்தைப் பாத்து வந்தவங்கடா. செக்யூரிட்டி எங்கேருந்து வந்திருப்பான்?”

இருவரும் ஒரே சமயத்தில் பிஸ்கட் டப்பாவைப் பார்த்தோம்.

போன கிறிஸ்துமஸுக்கு ஐந்து பேரைத்தான் முடிக்க முடிந்தது. வைக்கோலுக்கும் ஆட்டுக்குட்டிகளுக்கும் நடுவில் துப்பாக்கியோடு நிறுத்தினோம். குடில் போட்டிக்காகக் கோவிலிலிருந்து வந்த ஃபாதர் குனிந்து பார்த்தார்.

“இதென்னப்பா, தவளையா?”

“மெய்க்காவலர் ஃபாதர். ராஜாங்களுக்கு செக்யூரிட்டி.”

“பைபிள்ல இந்த எடத்துல தவளை இல்லையேப்பா.”

“அந்த எடத்துல ஒட்டகமும்தான் இல்ல ஃபாதர்,” என்றாய்.

ஃபாதர் ஒரு நிமிடம் யோசித்தார். உண்மைதான் என்பதுபோலத் தலையை ஆட்டினார். நமக்கு ஆறுதல் பரிசு கொடுத்தார்கள், ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா. நாம் ரோபோவை அதில்தான் படுக்க வைத்தோம்.

அந்த ஜனவரியிலேயே நீ தீர்ப்புச் சொல்லிவிட்டாய். ஐந்து பேர் போதாது, ராஜாவுக்கு நாலு பேர் வீதம் பன்னிரண்டு வேண்டும். ஆளுக்கொரு கலரில் இருந்தால் படை மாதிரி இல்லை, மளிகைக் கடை க்யூ மாதிரி இருக்கிறது. எல்லாவற்றையும் உரி. எல்லாருக்கும் ஒரே இரவு நீலம், மேலங்கியில் தங்கப் புள்ளிகள். நட்சத்திரத்திலிருந்து வந்தவர்கள் வானத்தைப் போர்த்திக்கொண்டு வந்த மாதிரி.

இங்கேதான் மச்சான், என் வால் நுழைகிறது.

பெயின்டுக்கு அடியில் பிரைமர் வேண்டும். அதைப் பெருங்களத்தூரில் வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிற அண்ணனிடம் மிச்சம் மீதி வாங்கி வருவது என் பொறுப்பு. மே மாதம். ஜாடியைத் திறந்தால் பிரைமர் கல்லாகக் கிடக்கிறது. வெயிலில் பெருங்களத்தூர் வரை மிதிக்க வேண்டும். மூலையில் நம் கேன்வாஸ் ஷூவுக்குப் போடுகிற வெள்ளை பாலிஷ் புட்டி நின்றது. அதைப் பார்த்ததும் என் மண்டைக்குள் பல்பு எரிந்தது.

பாலிஷ் வெள்ளையாக இருக்கும், பார்த்தால் பிரைமர் மாதிரியே இருக்கும். ஆனால் தண்ணீர் பட்டால் கரையும். மேலே என்ன அடித்தாலும் கூடவே உரிந்து வரும். பஞ்சை எடுத்துப் பன்னிரண்டு பேருக்கும் தடவினேன். என் திட்டம் இதுதான்: நீ அடித்து முடிப்பாய். முதல் மழையன்று மொட்டை மாடியில் அணிவகுப்பு வைப்போம். உன் கண் முன்னால் வானம் கரைந்து ஓடும். நீ ‘டேய்ய்’ என்பாய். நான் ஓடுவேன். ஒரு வாரம் சிரிப்போம். அப்புறம் உரித்து, ஒழுங்காக பிரைமர் அடித்து, நீ மறுபடி அடிப்பாய். உனக்குத்தான் உரித்து அடிப்பது பொழுதுபோக்காயிற்றே.

அடுத்த சில வாரங்களில் உன் உடம்பு இப்படிப் போகும் என்று எனக்குத் தெரியுமா?

முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து, மடியில் பரீட்சை அட்டையைப் போட்டு நீ அடித்தாய். ஒரு மேலங்கி முடிப்பதற்குள் நாலு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினாய். ஆனால் தங்கப் புள்ளி ஒன்றுகூடக் கோணவில்லை. தவளையின் கண்ணில் ஜன்னல் வெளிச்சம் தெரிவதுபோல ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தாயே, ஊசி முனையால், அதைப் பார்த்ததும் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாளும் நாளைக்கு என்று நினைத்தேன்.

“இது நம்ம பேரப் பசங்க வரைக்கும் நிக்கும்டா,” என்றாய் பன்னிரண்டாவது ஆளை வைத்துவிட்டு.

நான் எதுவும் பேசவில்லை. நான் பேசாமல் இருந்ததை வைத்தே நீ கண்டுபிடித்திருக்க வேண்டும். கண்டுபிடித்தாயா?

முதல் மழை பெய்தபோது நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, “மச்சான், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்,” என்றேன். என் முகத்தைப் பார்த்ததுமே உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டாய்.

“வேணாம்டா. சிரிக்க வெக்காத. வலிக்குது. வீட்டுக்கு வந்ததும் சொல்லு.”

நீ வீட்டுக்கு வந்தாய். நான் சொல்லக்கூடிய மாதிரி வரவில்லை.

இப்போது டிசம்பருக்கு வருகிறேன். பத்து நாளைக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் ஜெசி சைக்கிளை என் கால் மேலேயே நிறுத்தினாள்.

“அண்ணா, அம்மா குடில் கட்ட மாட்டேங்குறாங்க. சரியா சாப்பிடறதும் இல்ல. நீ வந்து ஏதாவது லூசுத்தனமா பேசேன்.”

போனேன். சாப்பாட்டு மேசை மேல் பழைய பேப்பர் விரித்திருந்தது. அதன் மேல் பன்னிரண்டு பேர். ஒருவனுக்கு முகம் இல்லை. ஒருவனுக்கு முதுகு வெறும் ஈயம். பல்லியின் திமில் மட்டும் நீலம். பக்கத்தில் பொடிப் பொடியாக, மீன் செதில் மாதிரி, நீலத் துணுக்குகள் காய்ந்துகொண்டிருந்தன. ஆன்ட்டி கையில் டீ வடிகட்டி.

குடிலில் வைப்பதற்கு முன்னால் தூசி போகட்டும் என்று வாளியில் சோப்புத் தண்ணீர் கலக்கி எல்லாரையும் போட்டிருக்கிறார்கள், மச்சான். ஈயம்தானே, என்ன ஆகப்போகிறது என்று. எடுக்கும்போது வர்ணம் தோலோடு கழன்று கையில் வந்திருக்கிறது. அந்தத் தண்ணீரைக் கொட்ட மனசு வராமல் டீ வடிகட்டியில் வடிகட்டி, ஒவ்வொரு துணுக்காகப் பேப்பரில் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

“என் கைதான் வெங்கி. அவன் கடைசியா செஞ்சத என் கையாலயே அழிச்சிட்டேன்.”

உன் அம்மாவை உனக்குத் தெரியும். நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைக்கிற டீச்சர். அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு யாரோ வேறு ஒருவர் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பொய் சொன்னேன். “பழைய ஈயம் ஆன்ட்டி. நம்ம ஊரு ஈரத்துக்கு அப்படித்தான் உரியும்,” என்றேன். ஜெசிகூட நம்பவில்லை. ஆன்ட்டி தலையை ஆட்டினார். “பேரப் பசங்க வரைக்கும் நிக்கும்னான். எனக்குக் கேட்டுச்சு,” என்றார். நான் செருப்பைக்கூட மாட்டாமல், கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்று நாள் ஒளிந்தேன். உங்கள் தெரு வழியாகப் போகாமல் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு ஸ்கூலுக்குப் போனேன். நான்காவது நாள் பாலிஷ் புட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். மேசையில் அதை வைத்தேன்.

“உங்க கை இல்ல ஆன்ட்டி. இதுதான்.”

“என்னது, ஷூ பாலிஷா?”

“பிரைமருக்குப் பதிலா இத அடிச்சேன். மே மாசம். நான்தான்.”

“தெரியாம அடிச்சிட்டியா?”

பார், எனக்காகத் தப்பிக்கிற வழியை அவரே திறந்து வைக்கிறார். ‘ஆமா’ என்று சொன்னால் போதும். ஆயுசில் எத்தனை ஆமா சொல்லியிருப்பேன்!

“தெரிஞ்சுதான்.”

“எதுக்குடா?”

“சிரிக்கிறதுக்கு ஆன்ட்டி. மழை வந்ததும் கரையும், அவன் என்னைத் துரத்துவான்னு...”

“அவனால ஓட முடியாதேடா.”

“நான் மெதுவாதான் ஓடுவேன்.”

ஆன்ட்டி புட்டியை எடுத்து மூடியை இறுக்கித் திருகினார். வெளியே ஜெசி யாரோ பையனைத் திட்டுகிற சத்தம் கேட்டது.

“மூச்சு வாங்க வாங்க அடிச்சான்,” என்றார் கடைசியில். “நான்தான் தலகாணி வெச்சு உக்கார வெச்சேன்.”

“தெரியும் ஆன்ட்டி.”

“தெரியும்னு சொல்லாத. வீட்டுக்குப் போ வெங்கடேசா.”

என் முழுப் பெயரை அவர் வாயில் நான் அதுவரை கேட்டதில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் சாயங்காலம் ஜெசி வாசலில் வந்து நின்றாள்.

“அம்மா கூப்பிடறாங்க. டூத் பிரஷ் எடுத்துட்டு வரணுமாம்.”

“எதுக்கு, அடிக்கவா?”

“டூத் பிரஷ்ஷால எப்படிண்ணா அடிப்பாங்க? லூசு.”

ஆன்ட்டி மேசையில் உட்கார்ந்திருந்தார். முகம் கழுவி, பவுடர் போட்டு, ஸ்கூலுக்குப் போகிற மாதிரி.

“ஒரு வாரமா என் கையத் திட்டிக்கிட்டு இருந்தேன்,” என்றார். “இனிமே உன்னத் திட்டலாம். அது பரவால்ல. மிச்சம் இருக்கிறதையும் கழுவு. பாதி மூஞ்சியோட இவங்களப் பாக்க முடியல. கழுவிட்டு, ஒழுங்கா பிரைமர் வாங்கிட்டு வந்து அடி.”

“நான் அடிச்சா கேவலமா இருக்கும் ஆன்ட்டி.”

“இருக்கும். அதான் உனக்குத் தண்டனை. வருஷா வருஷம் எல்லாரும் வந்து பாப்பாங்க.”

மே மாதம் போகாத பெருங்களத்தூருக்கு டிசம்பர் மழையில் போனேன். பெயின்டர் அண்ணன் ஸ்கூட்டருக்கு அடியில் படுத்திருந்தார். காலைப் பார்த்தே என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

“இன்னா தம்பி, ஆளே காணோம்? பொம்மைக்கு பிரைமரு கேட்டுகினு வந்து பேஜாரு பண்றது நீங்க ரெண்டு பேருதான். எங்க, அந்த ஒல்லிப் பையன்?”

ஊருக்குப் போயிருக்கான் என்று வாய் வரை வந்தது. இந்தப் படை விஷயத்தில் இனிமேல் பொய் வேண்டாம் என்று தோன்றியது. சொன்னேன். அண்ணன் வெளியே வந்து, கையைத் துணியில் துடைத்தார். எப்போதும் அரை ஜாடி தருகிறவர் விளிம்பு வரை ஊற்றினார்.

“நல்லா காய வுட்டு அடி. அவசரப்படாத, இன்னா?”

திரும்பி வந்து உங்கள் கிணற்றடியில் உட்கார்ந்து கழுவ ஆரம்பித்தேன். முதலில் தவளை. தண்ணீர் பால் மாதிரி ஓடியது. நீலம் மடிப்பு மடிப்பாக வழுக்கிக்கொண்டு போனது. நீ ஊசி முனையால் வைத்த கண் வெளிச்சம் என் கட்டை விரலில் ஒட்டிக்கொண்டு, ஒரு நிமிடம் இருந்து, பிறகு போய்விட்டது. ஜெசி ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதால் நான் அழவில்லை. தூறல் போட்டதால் யாருக்கும் தெரிந்திருக்காது என்பது வேறு விஷயம்.

தவளையின் கையைத் தூக்கிக் கடைசியாகத் தேய்த்தேன். ஓர் இடத்தில் மட்டும் போகவில்லை. அழுத்தித் தேய்த்தேன். அப்போதும் போகவில்லை. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.

அக்குளில் அந்த வெள்ளைக்காரப் பையனின் கடுகுச் சிவப்பு. அதன் மேல் படாமல், அதைச் சுற்றி வளைத்து, உன் நீலம். அரிசியில் பாதி அளவு. சிமென்ட் மாதிரி நிற்கிறது.

எனக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. நான் பாலிஷ் தடவியது ஷூவுக்குத் தடவுகிற அதே பஞ்சால். தடிப் பஞ்சு. அது அக்குளுக்குள் போகவில்லை. சோம்பேறி நான், அதைக் கவனிக்கவும் இல்லை. நீதான் எந்த இடுக்கையும் விடாதவன் ஆயிற்றே, உன் பிரஷ் உள்ளே போய் வெறும் ஈயத்தின் மேல் அடித்திருக்கிறது. என் குறும்பு எட்டாத ஒரே இடம்.

“ஆன்ட்டி!” என்று நான் போட்ட சத்தத்தில் யாரோ கிணற்றில் விழுந்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். ஆன்ட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார். தவளையை உள்ளங்கையில் வைத்து, கையைத் தூக்கிப் பார்த்தார்.

“நீலம் அவன் அடிச்சதா?”

“ஆமா ஆன்ட்டி.”

“இந்தச் சிவப்பு?”

சொன்னேன். ஊறுகாய் பாட்டில், டூத் பிரஷ், ‘பாவம்டா’ என்று நீ சொன்னது, எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே தவளையின் அக்குளைத் தடவிக்கொண்டிருந்தார்.

“என்கிட்ட சொன்னதே இல்லையே.”

“அக்குள் விஷயத்த யாரு ஆன்ட்டி அம்மாகிட்ட சொல்லுவாங்க?”

ஆன்ட்டி சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியிலேயே வேறு என்னமோவாக மாறியது, ஆனால் சிரித்தார். நீ போன ஜூனுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை என்று ஜெசி அப்புறம் சொன்னாள். பிறகு மூவருமாகக் கிணற்றடியில் உட்கார்ந்து ஒவ்வொருவன் கையையும் தூக்கிப் பார்த்தோம். டாக்டர் வந்து தெர்மாமீட்டர் வைக்கிற மாதிரி. பதினொரு பேரிடமும் இருந்தது. ரோபோவிடம் மட்டும் இல்லை. அவனுக்கு வார்க்கும்போதே கை உடம்போடு ஒட்டிக்கொண்டதால் அக்குளே கிடையாது.

“அவனுக்கு?” என்று ஜெசி கேட்டாள்.

ஆன்ட்டி உள்ளே போய்ப் பேப்பரோடு வந்தார். டீ வடிகட்டியில் தப்பித்த துணுக்குகளை ரோபோவின் கேரம் காய் மேல் பசை தடவித் தூவினோம். இப்போது அவன் உன் நீலத்தின் மேல்தான் நிற்கிறான். மற்றவர்களைவிட அவனுக்குக் கொஞ்சம் திமிர் கூடிவிட்டது.

நான் அடித்ததைப் பற்றி அதிகம் கேட்காதே. பிரைமரை முழுசாக ஒரு நாள் காய வைத்தேன். அக்குளில் மட்டும் படாமல் தீக்குச்சி முனையால் தடவினேன். இரவு நீலம் கலக்கப் போய் இங்க் நீலமாக வந்துவிட்டது. தங்கப் புள்ளிகள் வானம் மாதிரி இல்லை, அம்மை போட்ட மாதிரி இருக்கின்றன. ஏழு பேருக்கு மாறுகண். மெய்க்காவலர்கள் ஒரே சமயத்தில் இரண்டு பக்கமும் பார்ப்பது நல்லதுதான் என்று ஆன்ட்டியிடம் சொன்னேன். சிவப்பு மையால் மார்க் போடாத குறையாகப் பார்த்தார்.

கடைசி ஆளை வைத்ததும் ஆன்ட்டி கேட்டார்: “என்கிட்ட சொல்லிட்ட. அவன்கிட்ட யாரு சொல்லுவா?”

அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நேற்று ஃபாதர் குடில் பார்க்க வந்தார். பழையபடி குனிந்தார். தவளையிடம் தெரிந்தவர்போல நலம் விசாரித்தார். பிறகு எங்களைப் பார்த்து, “இந்தத் தடவை யாரு பெயின்ட் பண்ணது?” என்றார். நான் தரையைப் பார்த்தேன்.

ஆன்ட்டி தவளையை எடுத்து, அதன் கையைத் தூக்கிக் காட்டினார்.

“மூணு பசங்க சேர்ந்து பண்ணது ஃபாதர்.”

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், மச்சான். இப்போதாவது சிரிக்கலாம். இனிமேல் உனக்கு வலிக்காது.

ஒரு சத்தியம் செய்கிறேன். என் சத்தியத்தின் தரம் உனக்குத் தெரியும், ஆனாலும் இதை நம்பு. ஒவ்வொரு டிசம்பரும் உங்கள் வீட்டுக்கு வந்து பன்னிரண்டு பேரையும் நான்தான் நிறுத்துவேன். ஒரு நாள் ஜெசியோ, வேறு யாரோ, என் மாறுகண் முகங்களைச் சகிக்காமல் தின்னர் பாட்டிலைத் திறப்பார்கள். திறக்கட்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கையைப் பிடித்துச் சொல்வேன்: “முழுசா எடுக்காத. கொஞ்சம் விட்டுவை. அக்குள்ல.”

இப்போதும் மெதுவாகவே ஓடிக்கொண்டிருக்கிற,
உன் மச்சான்
வெங்கி